விசைக்குப் பின்னால்: பெயின்ட்பால் மார்க்கர் பற்றி வாசகர் கேள்விகள்

ஜெலட்டின் உறைக்குள் சாயம் நிரப்பிய குண்டை, அடைத்து வைத்த கேஸின் (கார்பன் டை ஆக்சைடு அல்லது அமுக்கிய காற்று) வேகத்தால் எய்யும் கருவி பெயின்ட்பால் மார்க்கர். வெடிமருந்து கிடையாது. அதைப் பற்றி வந்த கடிதங்களில், உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அண்ணாச்சி, பம்ப், செமி, மெக், எலக்ட்ரானிக், ஸ்பூல், பாப்பெட்னு ஆளுக்கொரு பேரு சொல்லுதாங்க. ஒரே மார்க்கரை ஒருத்தர் செமிங்காரு, இன்னொருத்தர் ஸ்பூலுங்காரு. எதைத்தான் நம்ப?
– பொறியியல் மாணவர், பாளையங்கோட்டை

இருவர் சொன்னதும் சரிதான் தம்பி. ஆனால் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மார்க்கர் கையில் வந்தால் மூன்று விஷயம் பாருங்கள். ஒரு குண்டு போனபின் அடுத்ததற்கு அதைத் தயார் செய்வது யார்? கேஸை அடைத்துக்கொண்டு நிற்பது எது? விசையைத் தொடும் முன் போல்ட் (குண்டைப் பேரல் என்ற குழலுக்குள் தள்ளும் தண்டு) எங்கே நிற்கிறது? கடைக்காரர் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

தயார் செய்வது கை என்றால் பம்ப். குண்டைத் தள்ளிய அதே கேஸின் ஒரு பங்கு திரும்பி வந்து, வால்வைத் தட்டித் திறக்கும் ஹாமரைப் பின்னுக்குத் தள்ளினால் ப்ளோபேக். தனியாகப் பிரித்தெடுத்த காற்று போல்ட்டை முன்னும் பின்னும் ஓட்டினால் நியூமேட்டிக். அந்தக் காற்றுக்கு வழி திறப்பது விரலின் அழுத்தமே என்றால் அது மெக். பேட்டரியில் ஓடும் சோலினாய்டு என்ற மின்வால்வு என்றால் எலக்ட்ரோ. 'செமி' என்பது இயந்திர வகையே இல்லை. ஓர் அழுத்தலுக்கு ஒரு குண்டு என்ற சுடும் முறை, அவ்வளவுதான். ப்ளோபேக்கும் செமியாகச் சுடும், ஸ்பூலும் செமியாகச் சுடும்.

இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. பாப்பெட் வால்வு என்பது நம்ம ஊர் கோலி சோடாவேதான். பாட்டிலுக்குள் இருக்கும் கேஸே கோலியை மேலே நெட்டி ரப்பர் வளையத்தில் அழுத்தி வைத்திருக்கும். கட்டையால் ஒரு குத்துக் குத்தினால்தான் திறக்கும். மார்க்கரில் கோலிக்குப் பதில் பிளாஸ்டிக் முகம் வைத்த சிறிய தண்டு. கேஸும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் அதைத் துளையின் வாயில் அழுத்திப் பிடித்திருக்கும். கட்டைக்குப் பதில் ஹாமர். ஹாமர் வந்து தண்டைத் தட்டும் சில மில்லி வினாடிக்கு வாய் திறக்கும். கேஸ் போல்ட் வழியே பாய்ந்து குண்டைத் தள்ளும். உடனே கேஸின் அழுத்தமே வாயை மூடிவிடும். எவ்வளவு கேஸ் போகும் என்பது ஹாமரின் எடை, அதன் ஸ்பிரிங், வால்வு ஸ்பிரிங், கேஸின் அழுத்தம் ஆகிய நான்கையும் பொறுத்தது. வேகம் கூடுவதற்கும் குறைவதற்கும் காரணம் தேடினால் இந்த நான்கில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

ஸ்பூலில் ஹாமரும் கிடையாது, தட்டும் கிடையாது. போல்ட்டே வால்வு. போல்ட்டைச் சுற்றி ஓ-ரிங்குகள் என்ற ரப்பர் வளையங்கள். பின்னால் ஓர் அறையில், ஒரு குண்டுக்குத் தேவையான காற்று காத்துக்கொண்டிருக்கும். போல்ட் முன்னே நகர்ந்து குண்டைப் பேரலுக்குள் ஏற்றி, ஓட்டத்தின் கடைசியில் அதன் ஒடுங்கிய பகுதி ஓ-ரிங்கைத் தாண்டும்போது அறைக் காற்று முழுதும் போல்ட்டுக்குள் இறங்கிக் குண்டைத் தள்ளிவிடும். ஹாமர் மோதாததால் கையில் அதிர்வு குறைவு, சத்தமும் குறைவு. பாப்பெட் அதே டேங்கில் பொதுவாகக் கூடுதல் குண்டு தரும், ஆனால் உதைக்கும்.

இவற்றுக்கு வெளியே நிற்கும் ஒன்று ப்ளோஃபார்வர்ட். ஏர்கன் டிசைன்ஸ் நிறுவனத்தின் ஆட்டோமேக் இந்த வகை. அதில் அறைக் காற்று போல்ட்டை எப்போதும் முன்னே நெட்டிக்கொண்டிருக்கும், சியர் என்ற கொக்கி அதைப் பிடித்து வைத்திருக்கும். விசையை அழுத்தினால் முதலில் உள்ளே வரும் காற்று அடைபடும், பிறகு சியர் விடும். போல்ட் பாய்ந்து, காற்று வெளியேறி, ஸ்பிரிங் அதைத் திரும்பக் கொண்டுவந்து சியரில் மாட்டும். விரலை எடுத்தபின்தான் அறை மறுபடி நிரம்பும். உறுப்புகள் மிகக் குறைவு. பார்க்கவே அழகான ஏற்பாடு. போல்ட் நிற்கும் இடம் பற்றிய மூன்றாவது கேள்விக்குப் பதில், கடைசிக் கடிதத்தில் வருகிறது.

இந்தக் கருவி ராணுவப் பயிற்சிக்குன்னு செஞ்சதா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

இல்லை. அமெரிக்காவில் காட்டில் வெட்ட வேண்டிய மரத்துக்கும், மந்தையில் பிரிக்க வேண்டிய மாட்டுக்கும் தூரத்திலிருந்து அடையாளம் வைக்கச் செய்தது. நெல்சன் பெயின்ட் நிறுவனத்துக்காக டெய்சி நிறுவனம் செய்துகொடுத்த நெல்ஸ்பாட் 007 அப்படி வந்ததுதான். 12 கிராம் கேஸ் குப்பி போட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துச் சுட வேண்டும். அதை வைத்து 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹென்னிக்கரில் 12 பேர் ஆடியதுதான் முதல் ஆட்டம். சைக்கிள் பம்ப் போல முன்னும் பின்னும் தள்ளும் பம்ப் பிடி அதற்குப் பின் வந்தது. மார்க்கர் என்ற பெயருக்குக் காரணமும் அந்த மரமும் மாடும்தான்.

எங்க திடல்ல வாடகைக்குக் கொடுக்கிற ப்ளோபேக் மார்க்கர் எட்டு இருக்கு. ரெண்டு மார்க்கர்ல, விசையை ஒரு தடவை அமுக்கினா நாலஞ்சு தடவை தானாத் தட்டுது. நிக்கவே மாட்டேங்கு. குண்டும் உள்ளேயே உடைஞ்சு போவுது. மெக்கானிக் புது ஸ்பிரிங் போட்டாரு, இன்னும் மோசமாப் போச்சு.
– திடல் பராமரிப்பாளர், குற்றாலம்

முதலில் அந்த இரண்டையும் ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விரல் எடுத்தபின்னும் சுடும் கருவியை யார் கையிலும் கொடுக்கக் கூடாது.

நடப்பது இதுதான். விசையை அழுத்தினால் சியர் என்ற கொக்கி ஹாமரை விட்டுவிடும். ஸ்பிரிங் ஹாமரை முன்னே எறியும். ஹாமரோடு இணைந்த போல்ட்டும் கூடவே போய்க் குண்டைப் பேரலுக்குள் தள்ளும். வால்வு திறந்ததும் கேஸ் இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு குண்டுக்கு. மறு பங்கு ஹாமரின் முகத்தில் அறைந்து, ஸ்பிரிங்கை எதிர்த்து அதைப் பின்னுக்குத் தள்ளும். ஹாமர் சியரின் விளிம்பைத் தாண்டிப் பின்னே போனால்தான் கொக்கி விழும். விளிம்புக்கு ஒரு நூல் முன்னாலேயே நின்றுவிட்டால் பிடிக்க ஆளில்லை. ஸ்பிரிங் மறுபடி முன்னே எறியும், வால்வு அரைகுறையாய்த் திறக்கும், மறுபடி குறையாகவே பின்னே வரும். நீங்கள் கேட்கும் 'தட தட' அதுதான். போல்ட் பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த குண்டு இறங்கினால் அறுபடாமல் என்ன செய்யும்?

இப்போது புது ஸ்பிரிங் ஏன் மோசமாக்கியது என்பது விளங்கும். அது பழையதைவிடக் கடினமாக இருந்திருக்கும். பின்னே தள்ளும் கேஸுக்கு வேலை கூடிவிட்டது.

பிரிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது ஒழுங்காகச் சுட்டு, குறையும்போது மட்டும் தட்டுகிறதா? அப்படியானால் ஹாமரைப் பின்னே தள்ளும் பலம் போதவில்லை. நிறைந்த டேங்கிலும் தட்டுகிறதா? சியரைச் சந்தேகியுங்கள். சியரைச் சோதிக்க டேங்கே வேண்டாம். டேங்க், ஹாப்பர் (மேலே குண்டு நிரப்பும் டப்பா) இரண்டையும் கழற்றி, மிச்சக் கேஸைத் தரையைப் பார்த்துச் சுட்டு வெளியேற்றிவிட்டு, கையால் காக் செய்து (ஹாமரைப் பின்னே இழுத்துச் சியரில் மாட்டி) மார்க்கர் உடலின் பக்கவாட்டில் உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டுங்கள். ஹாமர் விடுபட்டுப் பாய்ந்தால் சியரின் விளிம்போ ஹாமரின் விளிம்போ உருண்டுவிட்டது, அல்லது சியர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. உருண்ட விளிம்பை அரம் போட்டுக் கூராக்கும் வேலை வேண்டாம். மேல் பூச்சுக் கடினம் போனால் ஒரு வாரத்தில் மறுபடி உருளும். சியரை மாற்றிவிடுங்கள்.

சியர் நன்றாக இருந்தால் அடுத்து ஹாமரின் ஓ-ரிங். கேஸ் ஹாமரைத் தள்ளும்போது ஓரமாய்க் கசியாமல் பார்ப்பது அதுதான். கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய விளிம்பு தட்டையாகவோ, காய்ந்து மயிரிழை வெடிப்போடோ இருந்தால் தள்ளும் பலத்தில் பாதி அங்கேயே போய்விடும். மாட்டும்போது நியூமேட்டிக் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் போடவே கூடாது. 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். கார்பன் டை ஆக்சைடு விரியும் இடத்தில் உலோகம் தொட முடியாத அளவு குளிர்வதால், உள்ளேயே வெண்ணெயாகி ஹாமரைப் பிடித்து இழுக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் ஓ-ரிங்கை உப்ப வைக்கும்.

கடைசியாக வேகத் திருகு. வேகம் குறைய வேண்டுமென்று அளவுக்கு மீறிக் குறைத்து வைத்தாலும் ஹாமர் முழுதாகத் திரும்பாது. இதில் ஒரு குழப்பம் உண்டு. ஸ்பைடர் வகையில் பின்னால் இருக்கும் திருகை உள்ளே முறுக்கினால் ஹாமர் ஸ்பிரிங் இறுகும், தட்டு பலமாகும், வேகம் கூடும். டிப்மன் 98 வகையில் பக்கத்தில் இருக்கும் திருகு கேஸ் போகும் வழியை நெரிப்பது. உள்ளே முறுக்கினால் வேகம் குறையும். இரண்டு வகையும் கலந்து வைத்திருக்கும் திடலில் இது தெரியாமல் திருகினால் ஆபத்து. திருகியபின், வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் பார்க்காமல் திடலுக்குள் அனுப்ப வேண்டாம்.

அமெரிக்க மார்க்கர்களின் திருகாணிகள் பெரும்பாலும் அங்குல அளவு. மில்லி மீட்டர் ஆலன் கீ ஏறக்குறையப் பொருந்துவது போலத் தோன்றும், இரண்டாம் முறை தலை உருண்டுவிடும்.

வெயில் ஏற ஏற குண்டு வேகமாப் போவுது. போன மே மாசம் மத்தியானம் டேங்க்ல இருந்து 'டமார்'னு சத்தம், கேஸ் பூரா சீறிப் போயிட்டு. டேங்க் வெடிக்கலை. என்ன காரணம், என்ன செய்ய?
– வாசகர், வள்ளியூர்

வெடித்தது பாதுகாப்புத் தகடு. அது வெடித்ததால்தான் டேங்க் வெடிக்கவில்லை. நாணயம் போன்ற அந்தச் சின்னத் தகடு ஏறக்குறைய 3000 பிஎஸ்ஐ-யில் (ஒரு சதுர அங்குலத்தின் மேல் இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) கிழிய வேண்டும் என்றே வைத்திருப்பது. அதை எடுத்துவிட்டு வேறு உலோகத் துண்டை வைத்து அடைக்கச் சொல்லி யாராவது ஆலோசனை கொடுத்தால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடு டேங்கில் இருப்பது பெரும்பகுதி திரவம். அதன் அழுத்தத்தை முடிவு செய்வது டேங்கின் அளவு அல்ல, வெப்பநிலை. 20 டிகிரியில் சுமார் 830 பிஎஸ்ஐ. 30 டிகிரியில் 1045. 31 டிகிரிக்கு மேல் திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போய்விடும். அதன்பின் எத்தனை கிராம் அடைத்தீர்கள் என்பதுதான் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். முறையாக நிரப்பிய டேங்க் 40 டிகிரியில் 1500-ஐத் தாண்டும். மூடிய காருக்குள், வெயிலில் 60 டிகிரி எட்டினால் 2500-ஐத் தொடும். கொஞ்சம் கூடுதலாக அடைத்த டேங்க் அதற்கும் முன்பே தகட்டைக் கிழித்துவிடும். நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலுக்கு இது அதிசயமே இல்லை.

அதனால் நிரப்பும்போது எடை போட வேண்டும். 20 அவுன்ஸ் டேங்க் என்றால் வெற்று எடைக்கு மேல் 567 கிராம், அதற்கு ஒரு கிராம்கூட அதிகம் வேண்டாம். சத்தத்தை வைத்தும் தடவிப் பார்த்தும் நிரப்புவது இங்கே செல்லாது. நிரப்பிய டேங்கை நிழலில், ஈரச் சாக்கின் மேல் வையுங்கள். வேகத்தைக் காலையில் ஒரு முறை பார்த்தோம் என்று விடாமல், வெயில் ஏறியபின் மறுபடி அளந்து குறையுங்கள். காலையில் வினாடிக்கு 280 அடியில் வைத்தது உச்சியில் 300-ஐத் தாண்டக் கூடும். ஒரு நேரத்தில் அழுத்தம் அளவு மீறிப்போய், ஹாமர் தட்டியும் வால்வு திறக்காமலே நிற்கும். கேஸ் தீர்ந்ததென்று நினைத்து அதைப் பிரிக்கப் போகிறவர்கள் உண்டு. அப்போதுதான் உள்ளே அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. டேங்கைக் கழற்றும்போது, மார்க்கரிலிருந்து டேங்க் கழல்வதற்குப் பதில், டேங்கிலிருந்து பித்தளை வால்வு கழலக் கூடும். உள்ளே அழுத்தம் இருக்கும்போது அந்த மரை விட்டுப்போனால் டேங்க் ஏவுகணை போலப் பாயும். இதனால் உயிரே போயிருக்கிறது. டேங்க் கழுத்திலிருந்து வால்வு வரை நகப்பூச்சால் ஒரு நேர்கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பாருங்கள். கோடு முறிந்து இரண்டு துண்டும் விலகியிருந்தால் அங்கேயே நிறுத்தி, திரும்ப முறுக்கிவிட்டு, மார்க்கரைச் சுட்டுக் கேஸைத் தீர்த்து, டேங்கை அறிந்தவரிடம் கொடுங்கள்.

டேங்க் வாயிலிருக்கும் ஓ-ரிங்கின் அளவு எண் 015: உள்விட்டம் 14 மி.மீ., தடிமன் 1.78 மி.மீ. கறுப்பு நைட்ரைல் போட்டால் கார்பன் டை ஆக்சைடு ரப்பருக்குள் ஊறி, அழுத்தம் இறங்கியதும் கொப்பளித்துக் கிழிக்கும். பாலியூரித்தேன் போடுங்கள், நாள்பட உழைக்கும்.

திடலே நடத்துகிறவர்களுக்கு எங்கள் கருத்து, அமுக்கிய காற்றுக்கு மாறிவிடுங்கள். 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ டேங்க்; அதன் தலையிலேயே ரெகுலேட்டர். உள்ளே எவ்வளவு இருந்தாலும் வெளியே வருவது ஒரே அளவு, பெரும்பாலும் 800 பிஎஸ்ஐ பக்கம். வெயிலுக்கு வேகம் ஆடாது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் 150 பிஎஸ்ஐ அளவுதான் தரும், அது உதவாது. உயரழுத்தக் கம்ப்ரஸர் வேண்டும். நிரப்பும் முனையில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளியும் படக் கூடாது. திடீர் அழுத்தத்தில் காற்று சூடாகி எண்ணெய் பற்றிக்கொள்ளும். மெதுவாக, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் நிரப்புங்கள். டேங்கில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை சோதனை உண்டு.

பையனுக்கு பன்னெண்டு வயசு. பிறந்தநாளுக்குக் கூட்டாளிகளோட ஆடப் போறேங்கான். அனுப்பலாமா?
– ஒரு தாய், மேலப்பாளையம்

அனுப்பலாம் அம்மா, திடலில் மூன்று கேட்டுவிட்டு. சிறுவருக்கு 0.50 அங்குலக் குண்டு இருக்கிறதா? பெரியவர் ஆடும் 0.68 அங்குலக் குண்டு ஏறக்குறைய 3 கிராம். வினாடிக்கு 300 அடியில் வந்தால் 12 ஜூல் சக்தி. 0.50 குண்டு அதில் பாதி எடைகூட இல்லை, வலி வெகுவாகக் குறையும். முகக்கவசம் பெயின்ட்பாலுக்கென்றே செய்ததா? பைக் கண்ணாடியும், பட்டறைக் கண்ணாடியும் கூடாது. ஏஎஸ்டிஎம் எஃப்1776 என்ற தரக்குறி உள்ளே அச்சிட்டிருக்கும். மார்க்கர்களை அன்றைக்கு வேகம் அளந்தார்களா? மூன்றில் ஒன்றுக்குத் தயங்கினாலும் வேறு விளையாட்டுப் பாருங்கள். கண்ணாடி மங்கினாலும் திடலுக்குள் கவசத்தைக் கழற்றக் கூடாது என்று பையனிடம் நீங்களும் சொல்லி அனுப்புங்கள்.

திசையன்விளைப் பக்கம் எங்க விளையில பாளை விட்ட பனைகளுக்கு அடையாளம் வைக்க இது உதவுமா?
– விவசாயி

ஆட்டக் குண்டுக்குள் இருப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால், சாயம். தண்ணீரில் கரையும். முதல் மழைக்கே ஓடிவிடும். மரத்துக்கென்று எண்ணெய்ச் சாயக் குண்டு தனியே உண்டு; அதை ஆளை நோக்கிச் சுடும் ஆட்டத்துக்கு ஒருபோதும் எடுக்கக் கூடாது. உங்களுக்கு ஒரு டப்பா பெயின்ட்டும் பிரஷ்ஷும் போதும்.

எலக்ட்ரோ ஸ்பூல் ஒண்ணு ஓடுது. கொஞ்ச நேரம் சும்மா வச்சிருந்து சுட்டா முதல் குண்டு மட்டும் சரியாப் போக மாட்டேங்கு. காத்து காலத்துல தேரிமண் வேற பறக்குது, அதனாலயா?
– வாசகர், ராதாபுரம்

'சரியாகப் போகவில்லை' என்றால் குட்டையாகப் போகிறதா, எட்டிப் போகிறதா? இதை அளக்காமல் எதையும் பிரிக்க வேண்டாம். குரோனோகிராஃப் முன் ஒரு நிமிடம் சும்மா வைத்துவிட்டு ஒன்று சுடுங்கள், பிறகு வரிசையாக ஐந்து. முதல் குண்டு குறைந்தால் குறை போல்ட்டில். முதல் குண்டு கூடினால் குறை ரெகுலேட்டரில்.

குறைந்தால்: சும்மா நிற்கும்போது ஓ-ரிங்கின் அடியிலிருந்து கிரீஸ் பிதுங்கி விலகிவிடுகிறது. ரப்பர் உலோகத்தில் ஒட்டிக்கொள்கிறது. சோலினாய்டு திறந்திருக்கும் சில மில்லி வினாடிக்குள் போல்ட் ஒட்டலை விட்டு நகர்ந்து முழு ஓட்டம் ஓட வேண்டும். முதல் முறை அது தாமதமாவதால் அறைக் காற்று முழுதும் இறங்குவதில்லை. போல்ட்டை உருவி, பழைய கிரீஸை மென்துணியால் துடைத்து, அந்த மார்க்கருக்குச் சொன்ன கிரீஸை ஓ-ரிங் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அப்பி வைத்தால் காற்று வழியே போய் சோலினாய்டுக்குள் சேரும். அதற்குப் பின்னும் குறைந்தால் சோலினாய்டு திறந்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு அரை மில்லி வினாடியாகக் கூட்டிப் பாருங்கள். பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள். தளர்ந்த 9 வோல்ட் பேட்டரி சோலினாய்டை மெதுவாக்கும். விளக்கு எரிகிறதே என்பதால் பேட்டரி நல்லதென்று பொருளில்லை.

கூடினால்: ரெகுலேட்டர் தன் அளவில் மூடாமல், சும்மா இருக்கும் நேரத்தில் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகிறது. உள்ளே இருக்கும் அடைப்பு முகத்தில் கோடு விழுந்திருக்கும், அல்லது தூசி ஒட்டியிருக்கும். தேரிமண் அங்கே வந்து சேரும் வழி, மூடி போடாமல் வைத்த டேங்க் நிரப்பு முனை. ஆகவே மண்ணும் காரணமாகலாம்.

மண் நேராகத் தொல்லை தருவது 'ஐ' என்ற ஒளிக்கண்ணில். குண்டு வந்து உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே சுட அனுமதிப்பது அது. மண்ணோ சாயமோ மறைத்தால், குண்டு இல்லாமலே இருப்பதாக நினைக்கும். அரைக் குண்டு இறங்கும் நேரத்தில் போல்ட்டை விட்டு அறுத்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் போதும். தின்னர் பட்டால் கண்ணின் பிளாஸ்டிக் பூத்துவிடும். இந்த வகை மார்க்கரில் கார்பன் டை ஆக்சைடு டேங்க் மாட்டாதீர்கள். திரவம் உள்ளே போனால் சோலினாய்டு பாழ்.

காற்றுக் கசியுதுன்னா எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்க?
– வாசகர், களக்காடு

பேரல் வழியே சீறினால்: பாப்பெட் வகையில் வால்வு முகத்தில் தூசி அல்லது வெட்டு, ஸ்பூலில் அறையை அடைக்கும் ஓ-ரிங். கைப்பிடிக்குள் சீறினால் சோலினாய்டு அல்லது அதன் அடிக் கேஸ்கட். டேங்க் இணைப்பில் என்றால் 015 ஓ-ரிங். வேறிடமென்றால் சோப்பு நுரை தொட்டு வையுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும்.

சாரல் சமயத்துல குண்டு நேராவே போக மாட்டேங்கு. பேரலை மாத்தணுமா?
– வாசகர், தென்காசி

பேரலுக்கு முன் குண்டைப் பாருங்கள். ஜெலட்டின் ஈரத்தை இழுத்து உப்பும், ஒரு பக்கம் தட்டையாகும். பேரலைக் கழற்றி, பின்வாயில் ஒரு குண்டைப் போடுங்கள். தானாக உருண்டு வெளியே விழுந்தால் துளை பெரிது. கேஸ் ஓரமாய் ஓடி வேகம் ஒன்றுக்கொன்று மாறும். குண்டு உள்ளேயே நின்று, வாயால் ஊதினால் மட்டும் வெளியே போனால் சரியான பொருத்தம். ஊதியும் அசையவில்லை என்றால் துளை சிறிது அல்லது குண்டு உப்பிவிட்டது, உள்ளேயே உடையும். பைகளைப் பிரித்தால் அன்றே தீர்த்துவிடுங்கள், மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்து ஒட்டிக்கொள்ளும்.

சொந்தமா ஒண்ணு வாங்கி வச்சுக்க லைசென்ஸ் வேணுமா?
– வாசகர், நாங்குநேரி

1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகள் இரண்டும் உங்கள் கருவிக்கு எப்படிப் பொருந்துகின்றன என்பதை வாங்கும் முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்கிறவர் வாய்ச்சொல் போதாது. டேங்குக்கும் எரிவாயு உருளை விதிகள் தனியே உண்டு.

வீடியோவுல ஒரு மார்க்கர் பாத்தேன். சுடும்போதெல்லாம் பின்பக்கம் ஒரு கட்டை வெளிய வந்து உள்ள போவுது. முன்னால சின்னச் சின்ன ஹோஸ். அது எந்த வகை? மூடிய போல்ட்டுனாங்க, அதனால குறி நல்லா வருமா?
– பாலிடெக்னிக் மாணவர், பேட்டை

நீங்கள் பார்த்தது ஆட்டோகாக்கர் வகை. வொர் கேம் புராடக்ட்ஸ் நிறுவனம் தன் பம்ப் மார்க்கரான ஸ்னைப்பரை எடுத்து, கை செய்த வேலையைக் காற்றைச் செய்ய வைத்தது. பேட்டரி இல்லை. முன்னால் இருப்பவை மூன்று: அழுத்தத்தைக் குறைக்கும் சிறிய ரெகுலேட்டர், காற்றை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திருப்பும் மும்முனை வால்வு, முன்னும் பின்னும் ஓடும் ராம் என்ற சிறிய பிஸ்டன்.

குறியைப் பற்றி: மூடிய போல்ட் என்றால் குண்டு ஏற்கெனவே பேரலில் உட்கார்ந்திருக்கும், போல்ட் முன்னாலேயே நிற்கும், விசையை அழுத்தினால் வால்வு மட்டும் திறக்கும். திறந்த போல்ட்டில் போல்ட் பாய்ந்து குண்டை ஏற்றி உடனே சுடும். கருவியை அசையாமல் கட்டி வைத்துச் சுட்டால் இரண்டுக்கும் குறியில் சொல்லும்படி வித்தியாசம் வராது. குண்டு பேரலுக்குப் பொருந்துகிறதா, வேகம் ஒன்றுபோல வருகிறதா என்பவைதான் குறியை முடிவு செய்கின்றன. மூடிய போல்ட்டில் கை குலுங்குவது குறைவு, அது ஆடுகிறவருக்கு உதவும்.

ஆட்டோகாக்கரில் விசையின் ஒரே இழுப்பில் இரண்டு வேலை. இழுப்பின் முதல் பாதியில் சியர் ஹாமரை விட, குண்டு போகிறது. பின்பாதியில் மும்முனை வால்வு திரும்பி, ராம் அந்தப் பின்கட்டையைத் தள்ள, போல்ட் திறந்து ஹாமரும் காக் ஆகிறது. அடுத்த குண்டு இறங்குகிறது. விரலை விட்டால் வால்வு திரும்பி, போல்ட் மூடி, குண்டு உள்ளே போகிறது. இந்த வரிசை பிசகினால்தான் எல்லாத் தொல்லையும். மும்முனை வால்வு முந்திக்கொண்டால், சுடும் நேரத்தில் போல்ட் திறந்திருக்கும். கேஸ் குண்டு வரும் குழாய் வழியே ஹாப்பருக்குள் ஊதும். விசையை முழுதும் இழுக்காமல் பாதியில் விட்டால் போல்ட் அரைகுறையாய்த் திறந்து குண்டை வெட்டும்.

சரிசெய்ய, விசையையும் மும்முனை வால்வையும் இணைக்கும் கம்பியின் நீளத்தை மாற்ற வேண்டும். குண்டு போடாமல், காற்று மட்டும் வைத்து, கவசம் அணிந்து, விசையைப் பைய இழுங்கள். முதலில் 'டக்' என்று ஹாமர் விழ வேண்டும். அதன்பின் சிறிது இடைவெளி விட்டுக் கட்டை பின்னே போக வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் கம்பியை அரைச் சுற்று மாற்றி மறுபடி பாருங்கள். இது ஒழுங்கான பிறகே சிறிய ரெகுலேட்டரைத் தொடுங்கள். கட்டை தயங்காமல் ஓடும் மிகக் குறைந்த அளவு எதுவோ அதற்கு ஒரு கால் சுற்று மேலே வைத்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் போல்ட் குண்டின் மேல் அறைந்து மூடும், மெல்லிய உறை தாங்காது.